சைக்கிள் ஓட்டத் தெரியும், ரோட்டில் ஓட்டத் தெரியுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் பேச எழுந்தாலே, "வங்கிக் கடன் எப்ப வரும், மேனேஜர் என்ன சொன்னாரு" என்றுதான் கேட்பீர்கள். கடன் விவரம் எல்லாம் கணக்காளர் இப்போதுதான் படித்து முடித்தார். அதனால் இன்றைக்கு வேறு ஒன்றைப் பேசப் போகிறோம். சைக்கிளைப் பற்றி. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "எங்களுக்கே சைக்கிள் ஓட்டச் சொல்லித் தர வந்துட்டாங்களா" என்று ஒரு அக்கா சொல்வதும் காதில் விழுகிறது. ஓட்டச் சொல்லித் தர வரவில்லை அக்கா. அது எங்களைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால், நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பியிருக்கிறாள். பதினோராம் வகுப்பு. ஊர் மண்பாதை மெயின் ரோட்டில் சேரும் முக்கில், மிதித்த வேகத்திலேயே ரோட்டில் ஏறிவிட்டாள். டிப்பர் லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒடித்துத் திருப்பியதால் பிள்ளை மேல் நேராக ஏறவில்லை, பக்கவாட்டில் தட்டிவிட்டது. தோள்பட்டை எலும்பும் வலது காலும் முறிந்தன. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைப் பேச வைத்தது. அந்த அம்மா சைக்கிளைத் திண்ணையில் வைத்துப் பூட்டிவிட்டார். கால் சரியான பிறகும், பஸ்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதால், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது மற்றவர்களும், "பொம்பளப் புள்ளய ரோட்டுல விட முடியாது, நீ செஞ்சது சரி" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு வீட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். தீர்மான நோட்டில் இதெல்லாம் எழுதவில்லை, ஊக்குநர் எங்களிடம் தனியாகச் சொன்னார். கேட்டதிலிருந்து எங்களுக்கு மனசே சரியில்லை.

ஏனென்றால், இது எந்த மாவட்டம்? புதுக்கோட்டை. 1991, 92ஆம் வருஷங்களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் உடைத்தவர்கள், நாற்று நட்டவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சாயங்காலம் மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதி இந்தியா முழுக்கப் படித்தார்கள். எங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டவர்கள், இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியவர்கள், இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். புருஷன் கொண்டுபோய் விடட்டும் என்று காத்திருக்காமல், நாமே போய் வருவோம் என்று எடுத்த சைக்கிள் அது. அதைத் திண்ணையில் பூட்டுவது என்றால் எங்களுக்கு ஒப்பவில்லை.

ஒப்பவில்லை என்று சொல்வது சுலபம். பிள்ளையின் காலில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்த தாயிடம் போய் வரலாறு பேச முடியுமா? அதனால் நாங்கள் இரண்டு ஊக்குநர்களோடு ஒரு காலை அந்த முக்கிலேயே போய் நின்றோம். ஏழரை மணியிலிருந்து பள்ளி மணி அடிக்கும் வரை. பார்த்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறோம். யாரையும் குறை சொல்ல இல்லை. எங்கள் மேலேயே குறை இருக்கிறது, அதையும் சொல்கிறோம்.

மண்பாதையிலிருந்து வந்த சைக்கிள்களில், முக்கில் காலை ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து ஏறியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் அப்படியே வளைந்து ஏறினார்கள். ஏன் என்று கேட்டோம். "அந்த எடம் மேடுங்க. நின்னுட்டா மறுபடி மிதிச்சு ஏத்துறது கஷ்டம். அதான் வந்த வேகத்துல ஏறிடுறது." நியாயமான பதில்தான். தார் ரோட்டை ஒவ்வொரு தடவையும் உயர்த்தி உயர்த்திப் போடுகிறார்கள், நம் பாதை பள்ளமாகவே இருக்கிறது. ஆனால் மேலே வருகிறவனுக்கு இந்த மேடு தெரியாது. வேலிக் கருவை மறைத்திருப்பதால் நாம் வருவதும் தெரியாது.

அவன் எவ்வளவு வேகத்தில் வருகிறான் என்று நமக்கும் சரியாகப் பிடிபடுவதில்லை. இதை ஒரு கணக்காகச் சொல்கிறோம். தையல் குழு அக்காமார்களிடம் சேலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் பதினாறரை மீட்டர் வரும். அதாவது மூன்று சேலையை நீட்டி விரித்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம், கண்ணை மூடித் திறப்பதற்குள்.

(இந்த இடத்தில் மூன்று சேலைகளை முனையோடு முனை பிடித்துக் காட்டினோம். கூடத்தின் ஒரு சுவரிலிருந்து கதவைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது.)

இப்போது இன்னொன்று. அந்த ஓட்டுநர் நம்மைப் பார்த்து, காலை பிரேக்கில் வைப்பதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அதிலேயே மூன்று சேலை போச்சு. பிறகு பிரேக் பிடித்து வண்டி நிற்க இன்னும் நாலைந்து சேலை. ஆக, நல்ல ரோட்டில், நல்ல பிரேக் உள்ள காருக்கே ஏழெட்டு சேலை தூரம் வேண்டும். ஜல்லி ஏற்றிய லாரிக்கு அதைவிடக் கூடுதல். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இன்னும் கூடுதல். "ஆரன் அடிச்சான், ஆனா நிறுத்தல" என்று கோபப்படுகிறோமே, பல நேரம் அவனால் நிறுத்தவே முடியாது.

இந்தக் கணக்கு அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? அவள் வீட்டுக்குப் போனபோது நாங்கள் மெதுவாகக் கேட்டோம், "ஏம்மா, அந்த முக்குல கொஞ்சம் நிக்கலாமில்ல?" அவள் சொன்னாள்: "அங்க நிக்கணும்னு யாருமே சொன்னதில்லயேக்கா." நாங்கள் பதில் பேசவில்லை. சைக்கிள் வாங்க என்று எத்தனை உள்கடன் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்! தொகை எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்டோமே தவிர, அதில் பிரேக் பிடிக்கிறதா, ஓட்டுகிறவருக்கு ரோட்டு விதி தெரியுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அரசு 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று இலவச சைக்கிளை ஆரம்பித்து, பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. எவ்வளவோ பிள்ளைகள் அதனால் மேல்நிலைப் பள்ளி வரை போனார்கள். கொடுக்கிற விழாவில் நாங்களும் கைதட்டினோம். ரோட்டைச் சொல்லிக் கொடுத்தது யார்?

மைதானத்தில் கற்றுக்கொண்டது விழாமல் ஓட்டுவதை மட்டும்தான். 1991இல் அது போதும். அன்றைக்கு நம் ரோட்டில் மணிக்கு எத்தனை வண்டி வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். இன்றைக்கு அதே ரோடு அகலமாகி, டிப்பரும் கல்லூரி பஸ்ஸும் பைக்கும் பறக்கின்றன. ரோடு மாறிவிட்டது, நாம் இன்னும் அன்றைக்கு ஓட்டிய மாதிரியே ஓட்டுகிறோம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் 64 ஆயிரத்துக்கும் மேல் சாலை விபத்துகள். எண்ணிக்கையில் இந்தியாவிலேயே நாம்தான் முதல். செத்தவர்கள் 17 ஆயிரத்து 800க்கும் மேல்.

அடுத்து, ரொம்ப விவாதம் வந்த விஷயம். ரோட்டில் எந்தப் பக்கம் போவது? முக்கில் நின்றபோது வலது பக்கமாகவே வந்த ஒரு அக்காவை நிறுத்திக் கேட்டோம். அவர் எங்களையே மடக்கினார்: "எதுர வர்றவன் கண்ணுக்குத் தெரியறான்ல? முதுகுக்குப் பின்னாடி வர்றவன எப்படி நம்புறது?" இன்னொரு அக்கா, "பள்ளிக்கூடத்துலயே வலது பக்கம் போகணும்னுதான் சொன்னாங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சொன்னது நடந்து போகிறவர்களுக்கு. நடைபாதை இல்லாத ரோட்டில், நடக்கிறவர் வலது ஓரம் எதிர்வண்டியைப் பார்த்து நடப்பதுதான் நல்லது. வண்டி வந்தால் ஒரு எட்டு மண்ணில் இறங்கி நிற்கலாம். சைக்கிள் அப்படி இல்லை, அதுவும் வண்டிதான். இடது ஓரம்தான் போக வேண்டும். கணக்கு பாருங்கள். நாம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறோம், லாரி 60இல் வருகிறது. இடது பக்கம் போனால் லாரி நம்மை நெருங்குவது 45 வேகத்தில்தான், ஏனென்றால் நாமும் அதே திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். வலது பக்கம் போனால் இரண்டு வேகமும் சேர்ந்து 75. ஓட்டுநர் சுதாரிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடுகிறது. இன்னொன்று, குறுக்குப் பாதையிலிருந்து ரோட்டில் இடதுபுறம் திரும்புகிற பைக்காரன் தன் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பான், அங்கிருந்துதானே வண்டி வர வேண்டும்? தப்பான பக்கத்தில் வரும் நாம் அவன் கண்ணிலேயே படமாட்டோம்.

"கடை அந்தப் பக்கம் இருக்கு, ரோட்டத் தாண்டி மறுபடி தாண்டணுமா" என்பதும் ஒரு காரணம். அதற்கு எங்கள் பதில் ஒன்றுதான். இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள். இறங்கி நடப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

திரும்புவதைப் பற்றி. வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் நம்மில் பலர் ஹேண்டிலை ஒடித்துவிட்டு அப்புறம்தான் பின்னால் பார்க்கிறோம். சிலர் பார்ப்பதே இல்லை, காதால் கேட்டே முடிவு செய்கிறார்கள். இப்போது பேட்டரி ஸ்கூட்டர் வந்துவிட்டது, அது சத்தமே போடாமல் வரும். காதை நம்ப முடியாது. சைக்கிள் கோணாமல் தோளுக்கு மேலே பின்னால் திரும்பிப் பார்ப்பது தனிப் பழக்கம். முதலில் தலை திரும்புகிற பக்கமே ஹேண்டிலும் போகும். களத்திலோ பள்ளி மைதானத்திலோ நாலு நாள் பழகினால் வந்துவிடும். அதுவரைக்கும், திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இடது ஓரம் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து உருட்டிப் போகலாம். கை காட்டுவது நல்லதுதான். ஆனால் கை காட்டிவிட்டோம், இனி நமக்கு வழி என்று நினைத்துத் திரும்பிவிடக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், நாலு பேர் ஒன்றாகப் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். ஆரன் அடித்தால் சிரிப்பு. எல்லோரும் அவர்களைத்தான் திட்டுகிறார்கள். எங்களுக்கு என்னவோ திட்ட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் பாத்திரம், தண்ணீர், தம்பி தங்கை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த அரைமணி நேரம்தான் அவர்களுடையது. பேசட்டும். மண்பாதையில் பேசட்டும், தார் ரோட்டில் ஏறியதும் ஒருத்தி பின்னால் ஒருத்தி போகட்டும். இதை வைதால் கேட்கமாட்டார்கள், தாய்மார்கள் பக்குவமாகச் சொன்னால் கேட்பார்கள்.

செல்போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. போன் அடித்தால் இறங்கிப் பேசுங்கள். அவசரம் என்றால் மறுபடி அடிப்பார்கள்.

அடுத்து சைக்கிள். அன்றைக்கு நின்ற இடத்தில் நாங்கள் கேட்டு வாங்கிப் பிரேக்கை அழுத்திப் பார்த்தோம். பின்பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசுகிறது, முன்பிரேக்கை அவிழ்த்தே போட்டிருக்கிறார்கள். "எப்படிம்மா நிறுத்துவ?" என்றால், செருப்புக் காலைத் தரையில் தேய்த்துக் காட்டுகிறார்கள்! மண்பாதையில் அது நடக்கும். தார் ரோட்டில் எதிரே பஸ் வரும்போது ரப்பர் செருப்பு என்ன செய்யும்? பிரேக் கட்டை அப்படி ஒன்றும் விலை இல்லை. ஒரு வாரச் சந்தாவை யோசிக்கிற நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றாததற்குக் காரணம் காசு இல்லை, நினைப்பு இல்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

பாரம் ஏற்றுவது நமக்குத் தவிர்க்க முடியாதது. குடம், புல்லுக்கட்டு, ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை மண்வெட்டி, எல்லாம் சைக்கிளில்தான். ஆனால் ஹேண்டிலில் ஒரு பக்கம் மட்டும் குடத்தைத் தொங்கவிட்டால் சைக்கிள் அந்தப் பக்கமே இழுக்கும். ரோட்டு ஓரத்தில் அந்த இழுப்பே போதும். கேரியரில் இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். மண்வெட்டியைக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் கட்டுங்கள், குறுக்கே நீட்டிக்கொண்டு போனால் பக்கத்தில் வரும் பைக்காரன் மாட்டிக்கொள்வான். சேலை முந்தானையை இடுப்பில் செருகுங்கள், பிள்ளைகளின் துப்பட்டாவைப் பின்பக்கம் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். செயின் கவர் இல்லாத சைக்கிளில் சேலை சிக்கி விழுந்தவர்கள் இங்கேயே மூன்று பேர் கையைத் தூக்குகிறீர்கள்.

கேரியரில் சின்னப் பிள்ளையை உட்கார வைக்கும்போது பாதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்தில் காலைத் தொங்கவிட்டால் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். சதை கிழிந்து ஆற மாதக்கணக்கு ஆகும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலைக்கம்பி போட்டுத் தரச் சொன்னால் சைக்கிள் கடையில் போட்டுத் தருவார்கள்.

பால் சொசைட்டிக்குப் போகிற சகோதரிகள் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்புகிறீர்கள். மார்கழி, தையில் பனி. டைனமோ லைட் இருந்த காலம் போய், இப்போது பல சைக்கிளில் லைட்டே இல்லை. "எனக்கு ரோடு தெரியுது" என்பீர்கள். உங்களுக்குத் தெரிகிறது சரி, நீங்கள் மற்றவர்களுக்குத் தெரிகிறீர்களா? கறுப்பு ஸ்வெட்டர், அரக்குச் சேலை, இருட்டு. பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை, பால் கேனில் ஒரு ஒளிரும் ஸ்டிக்கர் என்று ஒட்டிவிட்டால், லாரி வெளிச்சம் பட்டதும் தூரத்திலேயே மின்னும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டாலும் ஓரளவு தெரியும்.

லாரி, பஸ் விஷயத்தில் இரண்டே சொல்கிறோம். பெரிய வண்டி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்வாங்கி ஓரத்தை ஒட்டி வரும். அந்தச் சந்தில் சைக்கிளை நுழைக்கவே கூடாது. பின்னாலேயே நின்றுவிடுங்கள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களையும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, தார் விளிம்பு. ஓரம் ஒதுங்கும்போது சக்கரம் தாரிலிருந்து மண்ணில் இறங்கிவிடும். உடனே பதறி ஒட்டினாற்போல் ஏற்றப் பார்த்தால் விளிம்பு சக்கரத்தை வாரிவிட்டு, நம்மை ரோட்டுப் பக்கமே தள்ளும். மண்ணிலேயே போய், வேகம் குறைத்து, இறங்கி, தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் எங்க தப்புன்னே சொல்றீங்களே, வேகமா வர்றவனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ஒரு பிரதிநிதி எழுந்து கேட்டார். சரியான கேள்வி. வேகமாக வருகிறவன் தப்புதான். ராத்திரியில் பின்லைட் இல்லாமல் போகும் கரும்பு டிராக்டரும் தப்புதான். முக்கில் வேலிக் கருவையை வெட்டாததும், வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் வைக்காததும் தப்புதான். அதை விடப் போவதில்லை. வேலியை வெட்டுவதும் தெருவிளக்கும் பஞ்சாயத்து வேலை, கிராம சபையில் தீர்மானம் போட வைக்கலாம். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்குத் தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். தனி ஆளாகப் போகாமல் கூட்டமைப்பாகப் போவோம். ஆனால் வேகத்தடை வரும்வரை பிள்ளைகள் அந்த முக்கைத் தினமும் தாண்ட வேண்டுமே? அதனால்தான் முதலில் நம் கையில் இருப்பதைப் பேசினோம்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டீர்கள். 108க்கு அடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர், சோடா ஊற்ற வேண்டாம், மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கையைக் காலைப் பிடித்து மடக்கித் தூக்க வேண்டாம். உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016இலேயே இதில் பாதுகாப்பு கொடுத்துவிட்டது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல், சாட்சிக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகக் கொடுப்பதற்கானது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் அதில் சேர்த்தி. கையில் காசு இல்லையே என்று நேரத்தைக் கடத்த வேண்டாம்.

இழப்பீடு பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வண்டி மோதினால், சைக்கிளில் போனவரும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு சொல்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சமும் பெருங்காயத்துக்கு 50 ஆயிரமும் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மனு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில்.

ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. தீர்ப்பாயத்தில், சைக்கிளில் வந்தவர் மேலும் கவனக்குறைவு இருக்கிறது, தப்பான பக்கம் வந்தார், பார்க்காமல் ரோட்டில் ஏறினார் என்று தெரிந்தால், இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு அப்படித்தான் ஆனது. கால் போனது, வேலை போனது, வந்த பணத்திலும் ஒரு பகுதி போனது. எதிர்க்கட்சி வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க எந்தப் பக்கம் வந்தீங்க?" என்பதுதான்.

சரி, இனி வேலைக்கு வருவோம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சைக்கிளோடு வாருங்கள். மகள்களையும் கூட்டிவாருங்கள், மகன்களும் வரலாம். சைக்கிள் கடைக்கார அண்ணன் ஒருவர் வருகிறார். பிரேக் கட்டை, ரிஃப்ளெக்டர் செலவைக் குழுப் பொது நிதியில் போட ஐந்து குழுக்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன, மற்ற குழுக்கள் இன்றைக்கே தீர்மானம் எழுதிக் கொடுத்தால் எண்ணிக்கை பார்த்து வாங்க வசதி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முக்கு ஒன்று அமைப்போம். நின்று ஏறுவது, திரும்பிப் பார்ப்பது இரண்டும்தான் பயிற்சி. சாயங்காலம் பத்துப் பத்துப் பேராக நிஜமான முக்குக்குப் போவோம். 1991இல் கற்றுக்கொண்ட அக்காமார்கள் முன்னால் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பிள்ளையின் அம்மாவை நேற்றுப் போய்ப் பார்த்தோம். "நான் மொதல்ல வந்து பாக்குறேன், அப்பறம் சொல்றேன்" என்றார். சைக்கிளைக் கொண்டுவருவீர்களா என்று கேட்டதற்கு, "உருட்டிக்கிட்டு வரேன், ரெண்டு மாசமா நிக்கிது, ரெண்டு டயரும் காத்தில்லாம கெடக்கு" என்றார். பம்பு நாங்கள் கொண்டுவருகிறோம்.